ராமநாதபுரத்துக்குக் கிழக்கே புது ரயில் ஹால்ட்: மனுவில் என்ன எழுதுவது?

மனுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் டவுனுக்குக் கிழக்கே, ராமேஸ்வரம் லைனை ஒட்டிப் போட்ட மனைகளில் ஒன்றில் வீடு கட்டி மூன்று வருஷம் ஆகிறது. நகர் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே ‘உத்தேச ரயில் நிலையம் அருகில்’ என்று புரோக்கர் நோட்டீஸ் அடித்துவிடுவார். நாங்கள் குடிவந்தபோது சுற்றிலும் சீமைக்கருவேலம், ஊடே நாலு பனை. இன்று பக்கத்து நகர், அதற்கடுத்த நகர் என்று வீடுகள் ஒட்டிக்கொண்டே போகின்றன.

போன மாதம் நலச்சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “ரயிலு நம்ம கொல்லைப்புறமாத்தான் போகுது, நமக்கு மட்டும் நிக்க மாட்டேங்குது” என்றார். பலத்த கைதட்டல். பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய பாவத்துக்கு மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

அவர் சொன்னது எனக்கும் பொருந்தும். பரமக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் ஸ்டேஷன் போய், வண்டியை ஸ்டாண்டில் விட்டு ரயில் ஏறுகிறேன். அதே ரயில் கொஞ்ச நேரம் முன்னால் என் வீட்டுப் பின்சுவரை அதிரவைத்துவிட்டுத்தான் வந்திருக்கும். கீழக்கரை ரோடு கேட்டில் மாட்டி அதைத் தவறவிட்ட நாட்களும் உண்டு.

மனுவில் இதுவரை எழுதியிருப்பது: புதிய ரயில் நிலையம், 24 பெட்டி நிற்கும் பிளாட்பாரம், முழு நீளத்துக்கும் கூரை, டிக்கெட் கவுன்டர், நடைமேம்பாலம், சென்னை எக்ஸ்பிரஸ்களுக்கு நிறுத்தம். கூடுதலாகக் கேட்கிறேனா? யாருக்கு அனுப்ப வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேதுசீமை:

எல்லாத்தையும் கேளுங்க பாஸ். பத்து கேட்டாத்தான் ரெண்டு தருவான். எம்.பி., எம்.எல்.ஏ., கலெக்டர், மதுரை டிவிஷன் ஆபீஸ் எல்லாருக்கும் ஒரு காப்பி. எம்.பி. நிதி வருஷத்துக்கு 5 கோடி இருக்கு, அதுல ஒரு பங்கு கேட்டுப் பாருங்க. அப்படியே ஒரு போஸ்டர்.

கீமேன்:

தம்பி, மனுவை இன்னும் தபால்ல போடலைன்னா அப்படியே வச்சிருங்க.

நான் இந்த லைன்ல தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேனா சேர்ந்து, தினம் லைனை நடந்து சோதிக்கிற கீமேனா ரிட்டயர் ஆனவன். பாதி சர்வீஸ் மீட்டர்கேஜ், மீதி பிராட்கேஜ். 2007ல அகலப்பாதை ஆனப்ப ராவும் பகலும் லைன்லதான் கிடந்தேன். தோள்ல ஸ்பேனரும் சுத்தியலும், கக்கத்துல ரெண்டு கொடியும் வச்சுக்கிட்டு தினம் என் பீட்டை, அதான் எனக்குன்னு பிரிச்சு விட்ட தூரத்தை, நடந்து முடிக்கணும். அதனால உங்க நகர் எதுன்னு நீங்க சொல்லாட்டியும் எனக்குப் பிடிபட்டுருச்சு. வெளிய சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

நீங்க கேக்கறது ஸ்டேஷன் இல்ல, ஹால்ட். ஸ்டேஷன்னா சிக்னல், லூப் லைன், பாயிண்ட், மூணு ஷிப்டுக்கும் மாஸ்டர். ஒரு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி எதிர் வண்டியை விடற இடம் அது. ஹால்ட்ல இதெல்லாம் கிடையாது. ரெண்டு ஸ்டேஷனுக்கு ஊடால வண்டி நின்னு ஆளை ஏத்தி இறக்கிட்டுப் போகும், டிக்கெட்டை ஒரு ஏஜென்ட் கமிஷனுக்கு வித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். நீங்க ‘நிலையம்’னு எழுதினா அதுக்கான செலவைப் போட்டுப் பார்ப்பாங்க. ‘சாத்தியமில்லை’ன்னு ஒத்தை வரியில பதில் வரும். அந்தக் கடுதாசியை ஃபிரேம் போட்டு சங்கத்துல மாட்டிக்கலாம்.

24 பெட்டிக்கு பிளாட்பாரம்னா அரை கிலோமீட்டருக்கு மேல போடணும். எதுக்கு? அவ்வளவு நீள வண்டி எக்ஸ்பிரஸ்தான், அது உங்களுக்கு நிக்காது. ராமநாதபுரத்துல நின்னு கிளம்பி வேகம் எடுக்கிறதுக்குள்ள மறுபடி நில்லுன்னா எந்த டிரைவரும் பல்லைக் கடிப்பான். கோபத்தை விடுங்க, கணக்கைப் பாருங்க. இது ஒத்தை லைன். ஒரு நிமிஷம் நிக்கிறதுக்கு ஒரு நிமிஷம்தானே போகும்னு தோணும். பிரேக் பிடிச்சு இறங்கணும், நின்னு, திரும்ப வேகம் ஏறணும், எல்லாம் சேர்த்தா மூணு நாலு நிமிஷம் தின்னுரும். அதுவரைக்கும் எதிர் வண்டி அடுத்த ஸ்டேஷன் லூப்ல கெடையில கெடக்கும். பாம்பன்ல காத்து கூடி பாலத்துக்கு சிக்னல் விழாத அன்னைக்கு இந்த நாலு நிமிஷமும் சேர்ந்துக்கிட்டா, மொத்த டைம்டேபிளும் கடலோட போச்சு.

அதனால இடத்தை அப்புறம் பார்ப்போம். முதல்ல எந்த வண்டி நிக்கணும்னு சொல்லுங்க. காலையில எது, சாயந்தரம் எது. அந்த ரெண்டு வண்டியில ஏற உங்க நகர்ல எத்தனை பேர் இருக்காங்க? அது தெரியாம கூரை, மேம்பாலம்னு எழுதுறது, பொண்ணு பார்க்காம பந்தக்கால் நடுற கதை.

வேற லைனுக்கு வேலைக்கு அனுப்பினப்ப ஒரு ஹால்ட்டைப் பார்த்திருக்கேன். ஊர் பேரு வேணாம். நல்ல பிளாட்பாரம், வேப்பமரம், சிமென்ட் பெஞ்சு எல்லாம் இருந்துச்சு. காலை வண்டி கோழி கூவறதுக்கு முன்ன வரும், சாயந்தர வண்டி பள்ளிக்கூடம் விடறதுக்கு முன்ன போயிரும். வேலைக்குப் போறவன் எப்படி ஏறுவான்? ஏறலை. டிக்கெட் ஓடலை. கமிஷன் கட்டுப்படியாகலைன்னு ஏஜென்ட் சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டார். டிக்கெட்டே கொடுக்காத இடத்துல வருமானம் இல்லைன்னு அப்புறம் ஃபைல்ல எழுதினாங்க. நான் பார்க்கறப்ப அந்தப் பெஞ்சு மேல வெள்ளாடு படுத்திருந்துச்சு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல நிழல்.

பாம்பன்பொண்ணு:

கீமேன் ஐயா சொல்ற நேரக் கணக்கு எங்க வீட்டுல தினமும் நடக்கிறது. எங்கம்மா மீன் யாவாரம். பாம்பன்ல ஏலத்துல எடுத்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோயி தெருத்தெருவா விக்கிறாங்க. நான் பொறந்ததுலேருந்து அம்மாவோட கடியாரம் பாசஞ்சர்தான்.

2022 டிசம்பர் 23ல பழைய பாலத்துல ரயிலை நிறுத்தினாங்க. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6ல. இடையில ரெண்டேகால் வருஷம். அதுவரைக்கும் அம்மா நாலு பேரோட சேர்ந்து லோடு ஆட்டோ பிடிச்சாங்க. பாலம் திறந்தா அம்மா மறுநாளே ரயிலுக்கு ஓடுவாங்கன்னு நினைச்சேன். போகலை. ஆட்டோக்காரர் வீட்டு வாசலுக்கு வர்றார், கடனுக்கு ஏத்துறார், ஐஸ் பெட்டியையும் அவரே தூக்கி வைக்கிறார். கூட்டாளிகள் நாலு பேரும் அதுலதான் போறாங்க, அம்மா மட்டும் எப்படி ரயிலுக்குப் போவாங்க? ஆறு மாசம் கழிச்சுத்தான் ஒருநாள் ஆட்டோ வராம ரயில்ல போனாங்க. இப்ப வாரத்துல மூணு நாள் ரயில். பழக்கம் ஒருதடவை விட்டுப்போனா ஆளைத் திரும்பக் கொண்டுவர்றது லேசில்லை. உங்க ஹால்ட்டும் வரப்போறது பைக்குக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பழகின ஊருக்குத்தானே.

இன்னொண்ணு, ஆம்பளைங்க யாருக்கும் தோணாதது. உங்க நகர்ல பொம்பளைங்க டவுனுக்கு எதுல போறாங்க? டவுன் பஸ்ல. 2021 மே மாசத்துலேருந்து எங்களுக்கு அதுல காசே கிடையாது. ரயில்ல குறைஞ்ச டிக்கெட் 10 ரூபாய். டவுன் ஸ்டேஷன்ல இறங்கி கடைவீதிக்கு மறுபடி ஆட்டோ. எந்தப் பொம்பளை ஓசி பஸ்ஸை விட்டுட்டு 10 ரூபாய் கொடுத்து ரயில்ல வருவா? நான் வரமாட்டேன்.

ஆனா எங்கம்மாவுக்கு அங்க ரயில் நின்னா சந்தோஷம்தான். கூடையோட பஸ்ல ஏறினா கண்டக்டர் மூக்கைப் பொத்துவார். உங்க மூணு நகரும் அம்மாவுக்கு ஒரு சந்தை மாதிரி. பிளாட்பாரத்தை மட்டும் தரையோட தரையா போட்டுறாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க. தலையில கூடையை வச்சுக்கிட்டு ரயில் படியில தொங்கி இறங்கி அம்மாவுக்கு முட்டி போயிருச்சு.

மனுக்காரன்:

பாம்பன்பொண்ணு, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். “இதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன், நீங்க எங்க கேட்டீங்க” என்று பதில் வந்தது. எப்போது சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று நகரிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். “ரயில் வந்தால் போவீர்களா?” என்று கேட்டால் எல்லாரும் போவோம் என்கிறார்கள். சிங்கப்பூருக்குக்கூட அதில்தான் போவார்கள் போல. பிறகு கேள்வியை மாற்றினேன்: “நேற்று எங்கே போனீர்கள், எதில் போனீர்கள், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள்?” அதன்பிறகுதான் உண்மை வந்தது.

அதிகம் பேர் போவது டவுனுக்குத்தான். பஸ், பைக். பாம்பன்பொண்ணு சொன்னபடி அவர்களைக் கணக்கிலிருந்து மொத்தமாக நீக்கிவிட்டேன். மேற்கே பரமக்குடி, மானாமதுரை, மதுரை என்று தினமும் போகிறவர்கள் என்னைச் சேர்த்து 31 பேர். கிழக்கே மண்டபம், ராமேஸ்வரம் போகிறவர்கள் 19: ராமேஸ்வரம் லாட்ஜ்களில் வேலை பார்ப்பவர்கள், இரண்டு டீச்சர், மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிற ஒருவர். ஆக 50. கூட்டத்தில் கைதட்டியவர்களே அதைவிட அதிகம். இந்த எண்ணிக்கையை எழுதினால் சிரிக்க மாட்டார்களா? கொஞ்சம் கூட்டி எழுதலாமா என்று சங்கத் தலைவர் கேட்கிறார்.

ஊரப்பாக்கம்வாசி:

சொந்த ஊர் தேவிபட்டினம், பிழைப்பு சென்னை. ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன், இடம் மாறினாலும் பாடு ஒன்றுதான்.

2023 டிசம்பர் 30ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். தென்மாவட்ட பஸ் எல்லாம் அங்கே போய்விட்டது. ரயில் பாதை ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) எதிர்ப்புறம்தான், கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஆனால் பஸ் நிலையம் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க இடம் இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் புது ஸ்டேஷன் என்று முடிவாகி, செலவுக்கு மாநில அரசுத் தரப்பில் 20 கோடி ரூபாயை ரயில்வேயிடம் கட்டினார்கள். ஸ்டேஷனைக் கட்டுவது ரயில்வே, செலவு அதைக் கேட்டவருடையது. ‘டெபாசிட் வொர்க்’ என்பார்கள். அப்புறம் ஸ்டேஷனையும் பஸ் நிலையத்தையும் இணைக்க ரோட்டுக்கு மேலே ஆகாய நடைபாதை வேண்டும், அதற்கு நிலம் எடுக்க வேண்டும் என்று இழுத்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பையனோடு நானே அந்த ரோட்டில் அல்லாடியிருக்கிறேன்.

அதனால் பிளாட்பாரம் ரயில்வே நிலத்தில் வந்துவிடும் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பிளாட்பாரத்திலிருந்து உங்கள் தெருமுனை வரைக்கும் உள்ள அந்த இருநூறு முந்நூறு அடி யாருடையது? புறம்போக்கா, பட்டாவா, மனை போட்டவர் பூங்காவுக்கு என்று காட்டிய இடமா? அதை மனுவுக்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள். தெருவிளக்கும் அங்கேதான் வேண்டும். கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் இருட்டிய பிறகு டீச்சர் எப்படி வீட்டுக்கு வருவார்?

கீமேன்:

தலைவர்கிட்ட சொல்லுங்க, ஒரு ஆளைக்கூடக் கூட்டி எழுத வேணாம். மனு போனா ரயில்வே கமர்ஷியல் பிரிவுலேருந்து இன்ஸ்பெக்டர் வருவார், அவரும் இதே மாதிரி விசாரிப்பார். 500னு எழுதி அங்க 50 இருந்தா அன்னைக்கே ஃபைலைக் கட்டி வச்சிருவாங்க. 50னு எழுதி அவர் கண்ணுல 60 பட்டுச்சுன்னா, அந்த மனுசனே உங்களுக்காக நாலு வரி சேர்த்து எழுதுவார்.

அந்த 50 பேரையும் இப்பவே ராமநாதபுரத்துலேருந்து சீசன் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க, எடுத்ததை ஜெராக்ஸ் போட்டு மனுவோட வைங்க. ‘வந்தா போவோம்’கிறதைவிட ‘போய்க்கிட்டுத்தான் இருக்கோம்’கிறது பெரிசு. இன்னொரு விசயம், லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய கிராமத்துக்குப் போனீங்களா? போயிருக்க மாட்டீங்க. மனைக்காரங்க கண்ணுக்கு அவங்க தெரிய மாட்டாங்க. நான் கீமேனா இருந்தப்ப மோர் கொடுத்தது அந்த ஊர்க்காரங்கதான். அவங்களையும் சேர்த்து எண்ணுங்க.

இப்ப இடம். நீங்க எல்லாரும் கேட் பக்கத்துல கேப்பீங்க, ரோடு அங்கதான் இருக்கு. ஆனா கேட்டை ஒட்டி பிளாட்பாரம் போட்டா வண்டி நிக்கிற நேரமும் சேர்ந்து கேட் சாத்தியே கிடக்கும். கீழக்கரை ரோட்டுல நின்ன உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆம்புலன்ஸ் நின்னுச்சுன்னா உங்க ஹால்ட்டைத்தான் திட்டுவாங்க. கடைசிப் பெட்டி கேட்டைத் தாண்டி நிக்கிற மாதிரி தள்ளிப் போகணும். ரொம்பத் தள்ளினா அங்க ஒரு வளைவு இருக்கு. வளைவுல பிளாட்பாரம் போட்டா கார்டுக்கு முன்பெட்டி வாசல் தெரியாது. கார்டுன்னு சொல்லக்கூடாதாம், 2022லேருந்து டிரெயின் மேனேஜர். பேரு என்னவா இருந்தாலும் பார்க்கிற கண்ணு ரெண்டுதான். கேட்டுக்கும் வளைவுக்கும் நடுவுல நேரான துண்டு ஒண்ணு இருக்கு. 12 பெட்டி வண்டிக்கு முந்நூறு மீட்டர் வேணும். அது அங்க இருக்குன்னு என் கால் சொல்லுது. டேப் வச்சு அளந்துதான் எழுதணும்.

நம்ம சீமையில ஏத்த இறக்கம் பெரிசா கிடையாது. ஸ்டேஷன் யார்டுன்னா 400 அடிக்கு ஒரு அடிக்கு மேல சரிவு கூடாதும்பாங்க, அந்தத் தொல்லை உங்களுக்கு இருக்காது. தொல்லை தண்ணிதான். ஐப்பசி கார்த்திகையில கண்மாய் நிறைஞ்சு கலுங்கு பாஞ்சா தண்ணி எந்தப் பக்கம் வரும்னு அந்தக் கிராமத்துப் பெரியவங்களைக் கேளுங்க. லைன் மேட்டுக்குக் கீழ இருக்கிற சின்னப் பாலத்தை அடைச்சு யாரும் பாதை போட்டுறக் கூடாது. மனை போட்டவங்க ஏற்கெனவே ஒரு ஓடையை முழுங்கியிருக்காங்க, அதை நான் பார்த்தேன். லைனைக் கடக்க சப்வே கேட்டுராதீங்க. நம்ம மண்ணுல ரெண்டு ஆள் ஆழம் தோண்டினா ஊத்து வந்துரும், மழைக்கு நாலு நாள் நீச்சல்குளம்தான்.

கூரை முழு நீளத்துக்கு வேணாம், ரெண்டு இடத்துல சின்னதா போதும். வடக்குப் பக்கம் சுவர் வச்சுக் கேளுங்க. மழை வாடைக் காத்தோட சாஞ்சுதான் அடிக்கும், வெறும் கூரை ஒதுங்க ஆகாது. தகரம் போட்டா உப்புக் காத்துக்கு நாலு வருஷத்துல ஓட்டை விழும், கான்கிரீட்டே கேளுங்க. தண்டவாளத்தையே திங்கற காத்து இது, தகரம் எம்மாத்திரம்.

பாம்பன்பொண்ணு, உங்கம்மா சொன்னது சரி. உயரப் பிளாட்பாரம்னா தண்டவாளத்துக்கு மேல 760லேருந்து 840 மில்லிமீட்டர். அப்ப வண்டிக்குள்ள ஒரு எட்டுல ஏறிறலாம். தரைமட்டத்துல போட்டா செலவு கம்மி, அதனால அதைத்தான் முதல்ல நீட்டுவாங்க. நீளத்துல விட்டுக் கொடுங்க, உயரத்துல விட்டுக் கொடுக்காதீங்க.

மனுக்காரன்:

மனுவைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன் ஐயா. காலை மேற்கே போகிற பாசஞ்சர், கிழக்கே ஒன்று, மாலையில் திரும்ப இரண்டு. நான்கு வண்டி, 12 பெட்டி, உயரப் பிளாட்பாரம். சென்னை எக்ஸ்பிரஸை எடுத்துவிட்டேன், தலைவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வரும் ஞாயிறு அந்த நேரான துண்டை அளக்க வருவீர்களா? ஐம்பது மீட்டர் டேப் ஒன்று கொத்தனாரிடம் கேட்டிருக்கிறேன்.

பாம்பன்பொண்ணு:

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அந்தப் பக்கம்தான் யாவாரத்துக்கு வர்றாங்க. எத்தனை வீட்டுல மீன் வாங்குறாங்கன்னு அவங்க ஒரு கணக்கு எடுக்கப் போறாங்களாம்.

கீமேன்:

வர்றேன். காலை பாசஞ்சர் போன பிறகு கேட்டுக்கிட்ட நில்லுங்க. லைன் மேல யாரும் கால் வைக்கக் கூடாது, அது குத்தம். ரிட்டயர் ஆன பிறகு நானும் வெளியாள்தான். ஓரமா ரயில்வே எல்லைக்கல்லுக்கு வெளிய மாட்டுவண்டிப் பாதை ஒண்ணு கூடவே ஓடுது, அதுலயே அளந்துறலாம். முள்ளு இருக்கும், செருப்பைக் கெட்டியா பார்த்துப் போட்டுட்டு வாங்க. உங்கம்மாகிட்ட ஊளி மீன் இருந்தா ஒரு கிலோ எடுத்து வைக்கச் சொல்லும்மா.